தங்கை சாப்பிட மறுக்கிறாள்: பேச்சு சிகிச்சை என்றால் அந்த அறையில் என்னதான் நடக்கும்?

மூத்தவள்_கோத்தகிரி

வணக்கம். என் தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழா நடனத்துக்கு முன் இளைக்க வேண்டும் என்று ஆரம்பித்தது. முதலில் இரவுச் சோற்றை விட்டாள். பிறகு எண்ணெய் ஆகாது என்றாள். பிறகு அவரை உதக்கவில், அதாவது எங்கள் அவரைக் குழம்பில், கிடக்கும் உருளைக்கிழங்கைப் பொறுக்கித் தட்டின் ஓரம் ஒதுக்கினாள். விழா முடிந்தும் அது நிற்கவில்லை. இப்போது வீட்டில் அவள்தான் சமைக்கிறாள். யூடியூப் பார்த்துப் புதிது புதிதாகப் பலகாரம் செய்கிறாள், எங்கள் தட்டில் அள்ளி அள்ளி வைக்கிறாள், நாங்கள் முடிக்கும்வரை எதிரில் நின்று பார்க்கிறாள். அவள் கையில் பால் இல்லாத டீ மட்டும்.

எங்கள் ஊர்க் குளிர் இதை மறைத்துவிட்டது. பனியன், அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜெர்கின் என்று திரிபவளைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? ஹெத்தையம்மன் பண்டிகைக்கு உடை மாற்றும்போது அவள் முதுகைப் பார்த்துவிட்டுச் சித்தி வெளியே வந்து அழுதார். மாதவிலக்கு நின்று பல மாதங்கள் ஆகிவிட்டதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் பார்த்த டாக்டர் வயிற்றுப்புண் என்று மாத்திரை எழுதினார். அடுத்தவர் ரத்தம், இசிஜி, நாடித் துடிப்பு எல்லாம் பார்த்துவிட்டு, இது அனோரெக்சியா, சாப்பாட்டை மறுத்து உடம்பை வற்றவைக்கும் மன நோய், மனநல மருத்துவரையும் பேச்சு சிகிச்சை தருபவரையும் பாருங்கள் என்றார். அப்பா கேட்கிறார்: "பேசினால் பசிக்குமா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அறையில் உட்கார்ந்து என்ன பேசுவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பசுந்தேயிலை

மகளே, பயப்படாதே. வயதுப் பிள்ளைகளுக்குக் கண்ணேறு பட்டாலும் இப்படி ஆவதுண்டு, ஒருமுறை சுற்றிப் போடு. இலை பறித்து முதுகு ஒடிந்த எங்கள் தாய்மார்களுக்கு இந்த நோய் வந்ததே இல்லை. இது வெள்ளைக்காரர் ஊரிலிருந்து வந்தது. நாலு நாள் அத்தை வீட்டில் விட்டுப் பார், கூடப் பிறந்ததுகளோடு உட்கார்ந்தால் தானாகச் சாப்பிடும்.

மனநல_ஆலோசகர்_கூடலூர்

மூத்தவள் அவர்களே, முதலில் உங்கள் அப்பாவின் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் அது நல்ல கேள்வி. பேசினால் பசிக்காது. அதனால்தான் இந்த நோய்க்கான நல்ல பேச்சு சிகிச்சை எதுவும் வெறும் பேச்சோடு நிற்பதில்லை. உணவை முதல் மருந்தாக வைத்துத்தான் அது தொடங்குகிறது.

1944, 45 ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, சுமார் ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். யாருக்கும் இளைக்கும் ஆசை கிடையாது. ஆனால் சில வாரங்களிலேயே அவர்களுக்கு உணவைத் தவிர வேறு நினைப்பில்லை. சமையல் குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு கவளத்தைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் மென்றார்கள். பிறர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் குளிர்கிறது என்றார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். உங்கள் தங்கை உங்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டுவிட்டு நின்று பார்ப்பதும், ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுவதும் இதுதான். பட்டினி மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும். அதை நெஞ்சழுத்தம், பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

17 வயது, வீட்டில் பெற்றோரோடு இருக்கிறாள், நோய் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் சிகிச்சை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவானது. 1987-ல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், 19 வயதுக்குள் தொடங்கி மூன்று ஆண்டுகள் தாண்டாத அனோரெக்சியாவுக்குத் தனியாள் சிகிச்சையைவிட இதுதான் நன்றாக வேலை செய்தது. மூன்று கட்டம். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எடை தேறிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவள் கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். மூன்றாவதில்தான் அந்த வயதுக்குரிய மற்ற பேச்செல்லாம்: படிப்பு, தோழிகள், தன் உடலைப் பற்றிய எண்ணம்.

அறையில் என்ன நடக்கும் என்று கேட்டீர்கள். இந்த முறையில் இரண்டாவது சந்திப்புக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள். குடும்பம் முழுவதும் சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளை "போதும்" என்று தட்டை நகர்த்தும்போது அம்மாவும் அப்பாவும் என்ன சொல்கிறார்கள், யார் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் கத்துகிறார்கள் என்று அவர் பார்ப்பார். பிறகு, அவள் நினைத்ததைவிட ஒரே ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட வைக்க இருவரையும் பழக்குவார். திட்டாமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல். காய்ச்சல் கண்ட பிள்ளையிடம் மருந்து வேண்டுமா என்று நாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை அல்லவா, அந்த உறுதியோடு.

யார் மேல் குற்றம் என்ற ஆராய்ச்சி அந்த அறையில் கிடையாது. இந்த நோயைக் குடும்பம் உண்டாக்கியது என்று தொடங்குகிறவரிடம் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகத் திணித்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்துக்கே ஆபத்தாகலாம். முதல் சில வாரங்கள் டாக்டர் கண்காணிப்பில் படிப்படியாகவே கூட்ட வேண்டும். மயக்கம் போட்டு விழுந்தாலோ, நாடி மிக மெதுவாக அடித்தாலோ, தண்ணீரைக்கூட மறுத்தாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ ஆலோசகருக்காகக் காத்திருக்காதீர்கள். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மீண்டவள்_குன்னூர்

என்னுடையது புலிமியா, அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும் நோய். பகலெல்லாம் பட்டினி, மாலையில் பேக்கரி வர்க்கியை ஒரு பொட்டலம் முழுக்கத் தின்பது, பிறகு குளியலறை. பார்வைக்கு நான் ஒல்லியும் இல்லை, குண்டும் இல்லை. அதனால் யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர் பல் டாக்டர்தான். முன்பற்களின் பின்புறம் எனாமல் கரைந்திருந்தது.

முதலில் போன ஆலோசகர் அன்பானவர். குழந்தைப் பருவம், அப்பா, பள்ளி என்று மாதக்கணக்கில் பேசினோம், அழுதேன், வீடு திரும்பும் வழியில் வர்க்கி வாங்கினேன். அடுத்து கோயம்புத்தூரில் கிடைத்தவர் சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை, செய்கிறவர். முதல் நாளே ஒரு தாளில் வட்டமாக அம்புக்குறி போட்டார்: உடலை வைத்தே என் மதிப்பை எடைபோடுகிறேன், அதனால் கடும் கட்டுப்பாடு, கட்டுப்பாட்டால் கொலைப்பசி, பசியால் அளவு மீறித் தின்னல், அதற்கு வாந்தி, வாந்தியால் குற்ற உணர்ச்சி, மறுபடி கட்டுப்பாடு. "இதில் எங்கே கை வைத்தால் சக்கரம் நிற்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். வாந்தியில் என்றேன். இல்லை, பட்டினியில் என்றார்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். சாப்பிட்ட உடனே எழுத வேண்டும், இரவு மொத்தமாக அல்ல. என்ன சாப்பிட்டேன், எங்கே, தனியாகவா, அப்போது மனதில் என்ன ஓடியது. கலோரி எழுதக்கூடாது. "மாலை 4.30. பஸ் ஸ்டாண்ட். பன் ஒன்று, டீ. எதிரில் நின்ற பெண்ணின் இடுப்பைப் பார்த்தேன். இன்றைக்கு எல்லாம் கெட்டுவிட்டது என்று தோன்றியது." இப்படி ஒரு வரி. அந்த வரியை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவோம். இடுப்பைப் பார்ப்பதற்கு முன் என்ன நடந்தது? அலுவலகத்தில் ஒருவர் என்னைத் திட்டியிருந்தார். அவமானம் எனக்குள் எப்போதும் "குண்டாகிவிட்டேன்" என்ற உருவில்தான் வந்து நிற்கும். அதைப் பிரித்துப் பார்க்கக் கற்றதுதான் எனக்குப் பெரிய திறப்பு.

மூன்று வேளை உணவு, இடையில் சிற்றுணவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடக் கூடாது. பசிக்கிறதோ இல்லையோ. இதைக் கேட்டதும் ஊதிவிடுவேன் என்று நடுங்கினேன். நடந்தது வேறு. மாலை நேர வெறி சில வாரங்களில் பாதியாகத் தணிந்தது.

பசுந்தேயிலை ஐயா, நாலு நாள் அத்தை வீட்டில் விட்டால் போதும் என்றீர்கள். அத்தை வீட்டுக் குளியலறையிலும் கதவு உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளில் இருந்த எடை, இடுப்பளவு, கலோரி எண்களை நீக்கியிருக்கிறேன். இந்த நோயோடு போராடுகிறவர்கள் இங்கே படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்த எண்கள் போட்டிக்கு அழைப்பாகிவிடும். இளைப்பதற்கு முன், பின் எடுத்த படங்களும் வேண்டாம்.

மனநல_ஆலோசகர்_கூடலூர்

மீண்டவள் சொன்ன இரண்டு ஆலோசகர் அனுபவத்தை ஆய்வும் ஆமோதிக்கிறது. கோபன்ஹேகனில் புலிமியா உள்ள 70 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து மாதத்தில் 20 சந்திப்புகள் கொண்ட சிபிடி. மறு பிரிவுக்கு வாரா வாரம் இரண்டு ஆண்டு உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, அதாவது ஆழ்மனதையும் பழைய உறவுகளையும் பேசி ஆராய்வது. ஐந்தாம் மாதத்தில் அளவு மீறித் தின்பதும் வாந்தியும் நின்றவர்கள் முதல் பிரிவில் 42 சதவீதம், மறு பிரிவில் 6 சதவீதம். இரண்டு ஆண்டு முடிவிலும் முதல் பிரிவில் 44 சதவீதம், மறு பிரிவில் 15 சதவீதம். 2014-ல் வெளியானது. ஆகவே ஆலோசகரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: உணவுக் கோளாறுக்கென்று உள்ள சிபிடி அல்லது குடும்பச் சிகிச்சையில் பயிற்சி உண்டா? என் உணவுப் பழக்கத்தை எந்த வாரத்திலிருந்து கையில் எடுப்பீர்கள்? சில வாரம் கழித்து என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

44 சதவீதம் என்பதையும் கவனியுங்கள். சிறந்த முறையிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது முழுமையாக நிற்கவில்லை. முதல் முயற்சியில் தேறாதவர்களைப் பலவீனமானவர்கள் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விடுதி_பொறுப்பாளர்_ஊட்டி

உறைவிடப் பள்ளியில் மாணவியர் விடுதியைக் கவனித்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி சப்பாத்தியைப் பக்கத்துத் தட்டுக்குத் தள்ளிவிடுகிறாள், சாப்பிட்டு முடித்த உடனே கழிப்பறைக்கு ஓடுகிறாள், அதிகாலைக் குளிரில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறாள். பெற்றோர் வெளிநாட்டில். நான் எதைச் சொன்னாலும் அவளைக் குற்றவாளியாக்குவது போல் ஆகிவிடுமோ என்று தயங்குகிறேன்.

மீண்டவள்_குன்னூர்

டீச்சர், தயவுசெய்து தயங்காதீர்கள். எனக்கு அந்த வயதில் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நீ சாப்பாட்டு நேரத்தில் ரொம்பக் கஷ்டப்படுவது போல எனக்குத் தெரிகிறது" என்று மட்டும் சொல்லியிருந்தால் போதும். எடையைப் பற்றியோ "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய்" என்றோ சொல்ல வேண்டாம். ஒல்லி என்று கேட்டால் உள்ளுக்குள் அது பரிசு வாங்கியது போல இனிக்கும். முதல் நாள் அவள் மறுப்பாள். மறுபடி கேளுங்கள்.

மனநல_ஆலோசகர்_கூடலூர்

பள்ளி மருத்துவரிடம் ரத்தப் பொட்டாசியம், இசிஜி பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு திடீரெனத் தடுமாறலாம். பெற்றோருக்கு அன்றே தெரிவியுங்கள், அவளிடம் சொல்லிவிட்டுத் தெரிவியுங்கள். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் அவளோடு யாராவது இருக்கட்டும், காவலாக அல்ல, கேரம் ஆடவோ வீட்டுப்பாடம் எழுதவோ. அதிகாலை ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள்.

இதோடு ஒன்று. வகுப்பின் முன்னால் ஒவ்வொரு பிள்ளையாக எடை பார்த்து உரக்கச் சொல்லி எழுதுகிற வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை ஒழிக்க முடியுமா பாருங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகளில் அந்த நாளை நினைவுகூராதவர்கள் குறைவு.

வெலிங்டன்_ஓட்டக்காரன்

பெண்களுக்கு மட்டும்தானா இது? நான் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகிறேன். மார்பளவு போதாது என்று ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து தினமும் ஜிம், அவித்த முட்டையின் வெள்ளை, கோழி, பவுடர். அக்காவின் நிச்சயதார்த்தத்தில்கூட நான் சாப்பிடவில்லை, என் டப்பாவைக் கொண்டுபோய் மண்டபத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டேன். எல்லோரும் உடம்பு ஏறிவிட்டது என்கிறார்கள். கண்ணாடியில் எனக்கு ஒரு பூஞ்சைப் பையன்தான் தெரிகிறான். ஒரு நாள் ஜிம் போகாவிட்டால் தூக்கம் வருவதில்லை.

மனநல_ஆலோசகர்_கூடலூர்

தம்பி, எழுதியதற்கு நன்றி. ஆண்களிடம் இதைக் கேட்பவர்களே இல்லை. ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1993-ல் உடற்பயிற்சிக்கூட இளைஞர்களிடம் இதே நிலையைக் கண்டு எழுதினார்கள். இன்று இது உடல் தோற்றம் பற்றிய கோளாறுகளில் ஒரு வகையாக ஏற்கப்பட்டிருக்கிறது. உங்களுக்கும் சிபிடிதான். கண்ணாடியை ஒரு நாளில் எத்தனை முறை பார்க்கிறீர்கள், கையைப் பிடித்து எத்தனை முறை அளக்கிறீர்கள் என்று முதலில் குறிப்பெடுக்கச் சொல்வார்கள். பார்க்கப் பார்க்கக் குறைதான் பெருகும் என்பது குறிப்பேட்டில் தானாக வெளிப்படும். ஊசி ஏதாவது போடச் சொல்லி ஜிம்மில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், ஏற்கெனவே போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

பசுந்தேயிலை

குன்னூர் மகள் சொன்னது சுருக்கென்றது, ஆனால் நியாயம். இருந்தாலும் கேட்கிறேன், முப்பது வருடத்துக்கு முன் இங்கே இல்லாதது இப்போது எப்படி வந்தது? எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கும் இப்படித்தான். ஆனால் அவள் குண்டு என்று சொல்வதே இல்லை. வயிறு நிரம்பி உப்பிக் கிடக்கிறது என்றுதான் சொல்கிறாள். இன்னொன்று, கோயம்புத்தூருக்குப் போய் வாராவாரம் காசு கொடுக்க எத்தனை தோட்டக் குடும்பத்தால் முடியும்?

மனநல_ஆலோசகர்_கூடலூர்

ஐயா, முன்பே இருந்திருக்கும், வயிற்றுப்புண் என்றும் பேய் என்றும் பெயர் வாங்கியிருக்கும். அதே நேரம் கூடியும் இருக்கிறது. பிஜித் தீவின் நத்ரோகா பகுதிக்கு 1995-ல்தான் தொலைக்காட்சி வந்தது. பூசின உடம்பை அழகென்று போற்றும் ஊர் அது. வந்த புதிதில் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவியரிடம் கேட்டபோது, இளைப்பதற்காக வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள். நம் பிள்ளைகள் கையில் இருப்பது தொலைக்காட்சியைவிட நெருக்கமான திரை.

குண்டு என்று சொல்லாமல் வயிறு உப்புசம் என்று மட்டும் சொல்லும் அனோரெக்சியாவை ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1990-களிலேயே விவரித்திருக்கிறார். பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், ஆகவே அந்த உப்புசம் பொய்யில்லை. அந்தப் பிள்ளையையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பணம் பற்றி: 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழைத்தால் செலவில்லாமல் தமிழில் பேசலாம், எங்கே போவது என்று வழிகாட்டுவார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் அரசு மருத்துவமனையில் கிடைப்பார். உணவுக் கோளாறுக்கென்றே பயிற்சி பெற்றவர் மலையில் கிடைப்பது அரிது என்பதை மறைக்கவில்லை. ஆனால் உடலைக் கண்காணிக்க இங்குள்ள டாக்டர், பேச்சு சிகிச்சைக்கு இணையவழி ஆலோசகர் என்று இரண்டையும் சேர்த்து நடத்தலாம். மருத்துவக் காப்பீடு இருந்தால், உடல் நோய்க்குக் கொடுப்பது போலவே மன நோய்க்கும் கொடுக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கேட்டு வாங்குங்கள்.

லைன்_வீட்டுப்_பெண்

இணையவழி என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வீட்டார் இருமினால் எங்களுக்குக் கேட்கும். நான் வாந்தியைப் பற்றி எங்கே உட்கார்ந்து பேசுவது? தேயிலைக்குள் கொஞ்சம் மேலே ஏறினால்தான் சிக்னல். மாலை ஆனால் காட்டெருமை இறங்கிவிடும், அதனால் ஆலோசகரிடம் கேட்டு நேரத்தை மதியத்துக்கு மாற்றிக்கொண்டேன். மழைக்காலத்தில் அதுவும் முடியாது. அந்த நாட்களில் நான் தட்டச்சு செய்கிறேன், அவர் பதில் எழுதுகிறார். குறையோடுதான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது. இடம் இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி. எங்கள் வீட்டில் கார்த்திகை விரதம் உண்டு. நான் இருக்கலாமா?

மீண்டவள்_குன்னூர்

தங்கையே, எனக்கு விரதம் நல்ல திரையாக இருந்தது. சாமி பெயரைச் சொன்னால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் வேண்டாம் என்றே என் ஆலோசகர் சொன்னார். விளக்கேற்றினேன், கோயிலுக்குப் போனேன், மூன்று வேளையும் சாப்பிட்டேன். பாட்டி முகம் சுளித்தார். நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு என்று எங்கள் தெருப் பள்ளிவாசல் இமாமே சொல்வார், தவக்காலத்தில் பாதிரியாரும் சொல்வார். நம் சாமி மட்டும் கேட்டுக்கொள்ளாதா?

மூத்தவள்_கோத்தகிரி

எல்லோருக்கும் நன்றி. மின்னசோட்டா பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு ஒன்றும் பேசாமல் சமையலறைக்குப் போய் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "இனி நீ எங்களுக்குப் பரிமாற வேண்டாம், உனக்கு நான் பரிமாறுகிறேன்" என்றார். அவள் கத்தினாள், தட்டைத் தள்ளினாள். அம்மா எழுந்து போகவில்லை. நெடுநேரம் கழித்து இரண்டு இட்லியில் ஒன்றைச் சாப்பிட்டாள்.

குடும்பச் சிகிச்சை தெரிந்த ஒருவர் கோயம்புத்தூரில் கிடைத்திருக்கிறார். அடுத்த வாரம் போகிறோம். அதற்கு முன் ஒரு கல்யாணம் இருக்கிறது. எங்கள் ஹட்டியே, அதாவது ஊரே, வரும். "என்ன இப்படி வற்றிப்போய்விட்டாய்" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அழைத்துப் போவதா, வேண்டாமா?

மீண்டவள்_குன்னூர்

அவளிடமே கேளுங்கள். வருகிறேன் என்றால் நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். யாராவது உடம்பைப் பற்றி ஆரம்பித்தால் அவள் பதில் சொல்லும்படி விடாதீர்கள். "அவளுக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது, உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமா?" என்று நீங்களே பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். சித்தியிடமும் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே போனில் சொல்லிவையுங்கள். பந்தியில் அவள் தட்டை யாரும் உற்றுப் பார்க்க வேண்டாம், வீட்டில் நடப்பது போல நீங்களே பரிமாறுங்கள். தேறிய பிறகு "இப்போதுதான் முகம் தெளிந்திருக்கிறது" என்றும் சொல்ல வேண்டாம் என்று சேர்த்தே சொல்லிவிடுங்கள். எனக்கு அந்த ஒரு வரி மறுபடி பட்டினிக்குப் போகப் போதுமானதாக இருந்தது.

மனநல_ஆலோசகர்_கூடலூர்

கோயம்புத்தூர் போகும்போது ரத்தப் பரிசோதனை, இசிஜி தாள்களைக் கையோடு கொண்டுபோங்கள். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் அவளுக்குத் தலை சுற்றலாம், வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றாதீர்கள். அப்பா கட்டாயம் வரவேண்டும், கூலி நாள் போனாலும். வீட்டில் பாட்டி இருந்தால் அவரும் வரட்டும், தட்டில் கை வைக்கிற எல்லோரும் ஒரே மாதிரி பேசப் பழக வேண்டும். இரண்டாம் சந்திப்புக்குச் சாப்பாடு கட்டும்போது அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து முடிவு செய்யட்டும். அவரை உதக்கவே கட்டுங்கள், உருளைக்கிழங்கோடு.